கண்ணொளி வழங்கிய பெரியார் பிலாத்தோவ்

சென்ற ஆண்டு நம் சங்க விழாவில் காலனிக் குழந்தைகள் கண்ணப்ப நாயனார் நாடகம் நடித்ததை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். திண்ணனாராக நடித்த சிறுவன் அம்பினால் தன் கண்ணை அகழ்ந்து காளத்தியப்பர் திருக்கண்ணில் அப்பிய கட்டத்தில் மகளிர் பகுதியில் விம்மல் ஒலி எழுந்தது. வீடு திரும்பும் வழியில் என் இளைய மகள் என்னை ஒரு கேள்வி கேட்டாள். பிடுங்கி வைத்த கண் கீழே விழாமல் அங்கே எப்படி நின்றது என்பதே அக்கேள்வி. இறைவன் அருள் என்று விடை கூறினேன். அவளும் தலையசைத்தாள். ஆனால் அக்கேள்வி என் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

ஏனெனில், அதே கேள்வி உலகத்துக் கண் மருத்துவர்களை நூறாண்டுகளுக்கு மேல் உறங்கவிடாமல் செய்த கேள்வியாகும். ஒருவர் கண்ணின் ஒரு பகுதியை மற்றொருவர் கண்ணில் வைத்தால் அது எங்ஙனம் நிற்கும்? எதனைக் கொண்டு தைப்பது? தைக்கத்தான் இயலுமா? இக்கேள்விகளோடு தம் வாழ்நாளைக் கழித்து, பார்வையிழந்த பலருக்கு ஒளியை மீட்டுத் தந்த பெருமகனார் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுதலாம் எனத் துணிந்தேன். யான் மருத்துவன் அல்லேன். பார்சல் ஆபீசில் எழுத்தர் பணி புரிபவன். பிழை காணும் அறிஞர்கள் பொறுத்தருள்க.

பூ விழுதல்

அப்பெரியாரின் வாழ்வைக் கூறுமுன், கண்ணைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் கண்ணின் முன்புறத்தே, கருமணிக்கு முன்னால், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போன்ற ஒரு மூடி உள்ளது. அதனைக் கருவிழிப் படலம் என்பர். அகலம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். நடுவிடத்தில் கனம் அரை மில்லிமீட்டர் அளவே. அதில் இரத்தக்குழாய்கள் இல்லை. அதனாலேயே அது பளிங்குபோல் தெளிவாயிருக்கிறது. அப்படலத்தின் வழியாகத்தான் ஒளி உள்ளே புகுகிறது.

இப்படலத்தில் சுண்ணாம்பு பட்டாலும், புண் வந்து ஆறினாலும், இரும்புத்துகள் பாய்ந்தாலும், அம்மை கண்டாலும், அவ்விடம் வெள்ளையாகி மறைத்துவிடும். இதனையே நம் பாட்டிமார் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பர். உள்ளே கண் நன்றாயிருக்கும், நரம்பும் நன்றாயிருக்கும், ஆனால் சன்னல் கண்ணாடியில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளியுலகம் தெரியாது. கண்புரை என்பது வேறு. அது உள்ளிருக்கும் வில்லையில் தோன்றுவது. பூ விழுந்த கண்ணுக்கு மருந்தினால் பயனில்லை. மங்கிய கண்ணாடியை எடுத்துவிட்டுத் தெளிந்த கண்ணாடி பதிப்பது ஒன்றே வழி. எண்ணத்திற்கு எளிது, செயலுக்கு மிக அரிது.

பிறப்பும் கல்வியும்

விளாதிமிர் பெத்ரோவிச் பிலாத்தோவ் 1875ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27ஆம் நாள் உருசிய நாட்டின் பென்சா மாகாணத்தில் மிகைலோவ்கா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். தந்தையாரின் உடன்பிறந்தவரான நீல் பிலாத்தோவ் குழந்தை மருத்துவத்தில் நாடறிந்த புகழுடையவர். மருத்துவமே குலத்தொழில்போல் விளங்கிய அக்குடும்பத்தில் வளர்ந்த இளைஞர், சிம்பிர்ஸ்க் நகரில் பள்ளிக்கல்வியை முடித்து, மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1897இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு மாஸ்கோவில் கண் மருத்துவப் பயிற்சியில் அமர்ந்தார்.

1903இல் கருங்கடற் கரையிலுள்ள ஒடெஸ்ஸா நகரத்துப் பல்கலைக்கழகக் கண் மருத்துவமனையில் பணியேற்க அழைப்பு வந்தது. ஒடெஸ்ஸா இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. அந்நாளில் உருசியப் பேரரசின் பெருந்துறைமுகம். இருபத்தெட்டு வயதில் அந்நகருக்குச் சென்றவர், போர்க்காலம் நீங்கலாகத் தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தார். பிழைப்பின்பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டுப் பிறவூர் வந்து, வந்த ஊரையே சொந்த ஊராக்கிக்கொண்ட நம் போன்றோர்க்கு அவர்மீது ஒரு தனிப்பரிவு தோன்றுவது இயல்பே. 1911இல் அம்மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது.

முன்னோர் செய்த முயற்சிகள்

பிலாத்தோவ் இத்துறையில் அடியெடுத்து வைத்தபோது அவருக்கு முன்னே பலர் முயன்று தோற்றிருந்தனர். அவர்களுள் பிக்கர் என்ற அயர்லாந்து மருத்துவரின் கதை சுவையானது. பாலைவனத்து நாடோடிகளிடம் சிறைப்பட்டிருந்த காலத்தில், அவர் பார்வையிழந்த ஒரு மானுக்கு மற்றொரு மானின் கருவிழிப் படலத்தை எடுத்துப் பொருத்தினார். மான் ஓரளவு பார்வை பெற்றது. இச்செய்தியை அவர் 1837இல் வெளியிட்டார். ஆயினும் மனிதரிடத்தில் அம்முறை பலிக்கவில்லை. விலங்கின் படலத்தை மனிதர் கண்ணில் வைத்தால் சில நாட்களில் அது வெளுத்துப்போயிற்று.

மனிதர் படலமே மனிதர்க்கு ஏற்கும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1905ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 7ஆம் நாள், ஒலமௌட்ஸ் என்னும் ஊரில் எடுவார்டு சிர்ம் என்ற மருத்துவர் முதல் வெற்றியைக் கண்டார். அவ்வூர் இன்றைய செக் நாட்டில் உள்ளது. சுண்ணாம்பினால் இரு கண்களும் வெந்துபோன ஒரு கூலித் தொழிலாளிக்கு, இரும்புத்துகள் பாய்ந்து அகற்ற நேர்ந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து படலத்தை எடுத்து வைத்தார். இரு கண்களில் வைத்தவற்றுள் ஒன்று கெட்டது. மற்றொன்று தெளிவாய் நின்றது. அத்தொழிலாளி மீண்டும் தம் வேலைக்குத் திரும்பினார்.

உலகம் வியந்தது. ஆனால் இவ்வெற்றியைத் திரும்பத் திரும்பப் பெறுவது எவர்க்கும் கைகூடவில்லை. தடைகள் இரண்டு. ஒன்று, வைத்த படலம் நிற்கவேண்டும். மற்றொன்று, வைப்பதற்குப் படலம் கிடைக்கவேண்டும்.

தையலின் இடர்ப்பாடு

முதல் தடையை என் தொழிலைக்கொண்டே சொல்லிப் பார்க்கிறேன். பார்சல் ஆபீசுக்கு வரும் சாக்குக் கட்டுகளை நாள்தோறும் பார்க்கிறேன். தையல் தளர்ந்தால் உள்ளிருப்பது சிந்தும். அளவுக்கு மேல் இழுத்துத் தைத்தால் சாக்கு கிழியும். அல்லது ஒருபக்கம் சுருங்கி மூட்டை கோணலாகும். சாக்குக்கே இவ்வாறெனின், அரை மில்லிமீட்டர் கனமுள்ள, கண்ணாடி போன்ற, உயிருள்ள ஒரு படலத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

கண்ணின் உள்ளே நீர் உள்ளது. அந்நீர் ஓர் அழுத்தத்தோடு இருக்கிறது. மங்கிய படலத்தை வட்டமாய் வெட்டி எடுத்த கணத்தில் அந்நீர் வெளியே வழிந்துவிடும். பின்னால் இருக்கும் வில்லை முன்னே தள்ளிக்கொண்டு வரும். வெட்டும் கருவி அதில் பட்டுவிட்டால் அவ்வில்லையும் கெட்டு, புரை விழும். இந்நிலையில் திறந்த துளையின்மேல் சட்டைப் பித்தானிலும் சிறிய ஒரு புதிய வட்டத்தை வைத்து அசையாமல் நிறுத்தவேண்டும். நோயாளி இருமினாலும், தும்மினாலும், இமையை இறுக்கினாலும் அது நழுவிவிடும்.

ஏன் நூலால் தைத்துவிடலாகாது என்று கேட்கலாம். அந்நாளைய ஊசி தடித்தது, பட்டுநூலும் தடித்தது. ஊசி நுழைந்தால் மெல்லிய விளிம்பு பிய்ந்துபோகும். பியாமல் நின்றாலும், ஊசி நுழைந்த இடம் ஒவ்வொன்றிலும் ஒரு தழும்பு உண்டாகும். எந்த மறைப்பை நீக்கப் புகுந்தார்களோ அந்த மறைப்பே மீண்டும் வரும். நூலைத் தொடர்ந்து இரத்தக்குழாய்கள் உள்ளே படரும். நூலின் வழியே நச்சுக்கிருமி புகுந்தால் கண்ணே அழியும். பெனிசிலின் அந்நாளில் இல்லை. அளவான உருப்பெருக்கமும் இல்லை. கைத்திறமையை நம்பி, வெறுங்கண்ணாலோ சிறு பூதக்கண்ணாடியாலோ பார்த்துத்தான் செய்யவேண்டியிருந்தது.

ஆகவே, படலத்தை ஊசியால் தொடாமலே அதை நிறுத்த வழி தேடினர். சிர்ம், வெள்விழியின்மேல் உள்ள மெல்லிய சவ்வில் நூலைக் கோத்து, அந்நூல்களை ஒட்டின் மேலாகக் குறுக்கே செலுத்திப் பிணித்தார். பிலாத்தோவோ அச்சவ்வையே ஒரு பட்டைபோல் விடுவித்து, ஒட்டின்மீது பாலமாக இழுத்து, அதன் இரு பக்கங்களையும் தைத்தார். தையல் யாவும் சவ்வில்; ஒட்டில் ஒன்றும் இல்லை. தாய் தன் குழந்தையை முந்தானையால் மூடி அணைத்துக்கொள்வதுபோல், உடலின் சொந்தச் சவ்வே புதிய படலத்தை மூடி அணைத்துக்கொண்டது. ஒட்டுப் பற்றிக்கொண்டபின் பட்டையை விலக்கிவிடலாம்.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. வைக்கும் வட்டம் சிறிதாயிருந்தால்தான் அது நிற்கும். அந்த எல்லையை அறிந்தே பிலாத்தோவ் சிறிய வட்டங்களை வைத்தார். மேலும், வெட்டும்போது வில்லைக்கு ஊறு நேராதபடி காக்கும் வட்டக்கத்தி ஒன்றை, மார்த்சின்கோவ்ஸ்கி என்ற கருவித் தொழிலாளரின் துணையோடு செய்வித்தார். அக்கருவி இருவர் பெயராலும் வழங்கலாயிற்று. பேராசிரியர் தம் பெயரோடு தொழிலாளியின் பெயரையும் சேர்த்து வழங்கவிட்டார் என்பதை நம் ஒர்க்ஷாப் தோழர்கள் கவனிப்பார்களாக.

தோல்வியும் பொறுமையும்

பிலாத்தோவ் முதன்முதலில் படல மாற்றம் செய்தது 1912இல். அது தோற்றது. வைத்த படலம் மங்கிப்போயிற்று. தோல்வியினால் துவண்டு வேறு வேலை பார்க்கப் போகவில்லை. அவசரப்பட்டு நோயாளிகளை வருத்தவும் இல்லை. குறையெங்கே என்று ஆராய்ந்தவண்ணம் ஆண்டுகளைக் கழித்தார்.

இடையில் முதல் உலகப்போர் மூண்டது. முகம் சிதைந்த வீரர்கள் மருத்துவமனைகளை நிறைத்தனர். ஓரிடத்துத் தோலை எடுத்து மற்றோரிடத்தில் வைத்தால், இரத்தம் எட்டாமல் அது வாடிவிடும். பிலாத்தோவ் ஒரு வழி கண்டார். தோலை ஒரு பட்டையாகக் கிளப்பி, இரு முனைகளும் உடலோடு ஒட்டியிருக்க, நடுப்பகுதியைச் சுருட்டிக் குழல்போல் தைத்தார். பெட்டியின் கைப்பிடி போன்று தோன்றும் அத்தோற்குழலில் இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். பின்னர் ஒரு முனையை விடுவித்து வேண்டிய இடத்தில் பதியவைத்து, அது பற்றிக்கொண்டதும் மறுமுனையை விடுவிப்பார். 1917இல் இம்முறையை வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் கில்லீசு என்ற மருத்துவர் இவரை அறியாமலே இம்முறையைக் கையாண்டார். கண்ணுக்கென்று தேடிய கைத்திறம் முகமிழந்தோர்க்கு முகமாயிற்று.

இறந்தார் கண்கள்

இனி இரண்டாவது தடைக்கு வருவோம். படலம் எங்கிருந்து கிடைப்பது? நோயினாலோ விபத்தினாலோ அகற்றப்படும் கண்களில் முன்படலம் மட்டும் நன்றாயிருந்தால்தான் பயன்படும். அத்தகைய கண் எத்தனை நாட்களுக்கு ஒருமுறை கிடைக்கும்? கிடைத்த நாளில் பெறவேண்டியவர் அருகில் இருக்கவேண்டும். பார்வையற்றோர் ஆயிரம், கண்ணோ ஒன்று.

பிலாத்தோவின் வாழ்வில் சிறந்த செயல் இங்கேதான் நிகழ்ந்தது. இறந்தவர்கள் பலர், அவர்களுடைய கண்கள் மண்ணுக்குப் போகின்றன, அவற்றைக் கொண்டால் என்ன என்று எண்ணினார். இறந்தார் உடலின் பகுதி உயிருள்ள உடலில் வாழாது என்று பலர் கருதினர். நச்சு ஏறிவிடும் என்று அஞ்சினர். மக்களுக்கோ கேட்கவே கூசிற்று. பிலாத்தோவ் தளரவில்லை. இறந்தவரின் கண்ணை உரிய நேரத்தில் எடுத்து, உறையாத குளிரில், நீர் உறையும் நிலைக்குச் சிறிது மேற்பட்ட வெப்பநிலையில் காத்து வைத்தால், படலம் உயிரோடு இருக்கும் எனக் கண்டார். 1931இல் அவ்வாறு காத்த படலத்தைப் பொருத்தி வெற்றி கண்டார். அப்போது அவருக்கு வயது 56. முதல் தோல்விக்கும் இவ்வெற்றிக்கும் இடையே 19 ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஒரு கண் கிடைக்குமா என்று ஏங்கிய நிலை மாறிற்று. அதன்பின் நூற்றுக்கணக்கில் படல மாற்றம் செய்யும் நிலை ஒடெஸ்ஸாவில் உண்டாயிற்று. தொலைதூரத்துக் கிராமங்களிலிருந்து கைபிடித்து அழைத்துவரப்பட்டவர்கள் தாமே நடந்து திரும்பினர். தம்முடைய முறையை அவர் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. பிற மருத்துவர்களுக்கு எளிதாகக் கைவரும்படி அதனைச் செம்மை செய்து கற்பித்தார்.

நிலையமும் போரும்

1936இல் ஒடெஸ்ஸாவில் கண்நோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அவர் தலைமையில் தோன்றிற்று. 1941இல் போர் அந்நகரை நெருங்கியபோது அவர் முதலில் பியாத்திகோர்ஸ்க் நகருக்கும், பின்னர் நடு ஆசியாவிலுள்ள தாஷ்கண்டுக்கும் பெயர்ந்தார். வயது 66 கடந்திருந்தும், போர்முனையில் கண் இழந்து வந்தோர்க்கு அங்கே பணிபுரிந்தார். 1944இல் ஒடெஸ்ஸா விடுபட்டதும் திரும்பி, சிதைந்த நிலையத்தை மீண்டும் நிறுவினார். 1941இல் ஸ்டாலின் பரிசும், 1950இல் சோசலிச உழைப்பு வீரர் என்னும் பட்டமும் அவரை நாடி வந்தன.

பெரியோரின் வரலாற்றை எழுதும்போது அவர்தம் குறையையும் மறைத்தலாகாது. குளிரில் வைத்த திசுக்களில் நோய் தீர்க்கும் பொருள்கள் தோன்றுகின்றன என்று பிலாத்தோவ் 1933 முதல் கூறிவந்தார். அவற்றை உடலில் செலுத்திப் பல நோய்களைத் தீர்க்கலாம் என்றும் நம்பினார். அக்காலத்தில் அதற்குப் பெரும் ஆரவாரம் இருந்தது. பிற்கால ஆராய்ச்சி அக்கருத்தை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் படலம் குளிரில் பிழைத்திருக்கும் என்று அவர் கண்டது மெய். அம்மெய்யின்மீதே இன்றைய கண் வங்கிகள் நிற்கின்றன.

தனி வாழ்வில் அவர் ஓவியம் தீட்டினார், கவிதையும் புனைந்தார். இறைநம்பிக்கை இகழப்பட்ட காலத்தில், அதனை மறைக்காமல் வாழ்ந்தார். 1956ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள், தமது 81ஆம் வயதில் ஒடெஸ்ஸாவிலேயே மறைந்தார். அவருக்குப்பின் அவர் மாணவியான நதேஷ்தா புச்கோவ்ஸ்கயா என்னும் அம்மையார் நிலையத்தின் தலைமையேற்றுப் பல்லாண்டுகள் நடத்தினார். நிலையம் அவர் பெயரையே தாங்கியது.

நூல் வென்ற கதை

பிலாத்தோவ் தவிர்த்த ஊசியும் நூலும் பின்னர் எங்ஙனம் வெற்றி பெற்றன என்பதையும் கூறுதல் தகும். ஸ்பெயின் நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கஸ்திரோவியேகோ என்பார், வட்டத்திற்கு மாறாகச் சதுரமாக வெட்டி வைத்தும், நூல்களைக் குறுக்கே இட்டும், பிறகு விளிம்போடு விளிம்பைச் சேர்த்து நேராகத் தைத்தும் கலையை வளர்த்தார். 1953க்குப் பின் அறுவை மருத்துவர்க்கென அமைந்த உருப்பெருக்கி கைக்கு வந்தது. அடுத்து நைலான் நூல் வந்தது. இன்று வழங்கும் நூலின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு, தலைமயிரைவிட மெல்லியது. மூச்சுக்காற்றிலே பறக்கக்கூடியது.

அவ்வளவு மெல்லிய நூல் வந்தபின்னும் இடர் தீர்ந்ததில்லை. ஊசி படலத்தின் கனத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஆழம் செல்லவேண்டும். மேலோடு போனால் உட்புறம் வாய்திறந்து நிற்கும். முழுவதும் ஊடுருவினால் நீர் கசியும். முதற்கண் நான்கு திசைக்கு நான்கு தையல் இடுவர். இவற்றுள் முதல் தையலுக்கு நேர் எதிரே இடும் இரண்டாவது தையலே மிக இன்றியமையாதது. அது சிறிது விலகினாலும், ஒருபக்கம் படலம் மிகுந்து மறுபக்கம் குறைந்துவிடும். பின்னர் இடையிடையே சேர்த்துப் பெரும்பாலும் பதினாறு வரை தைப்பர். ஒரு தையல் இறுகினால் படலத்தின் வளைவு கெட்டு, உருவங்கள் கோணலாகத் தெரியும். தளர்ந்தால் கண்ணீரில் இருக்கும் கிருமிக்கு வாயில் திறந்ததாகும். இரத்தக்குழாய் இல்லாமையால் ஆறுவதும் மெதுவே. ஆதலின் நூலை ஓராண்டுவரையும், அதற்கு மேலும் விட்டுவைப்பர்.

இக்காலத்தில் கெட்டுப்போன உள்ளடுக்கை மட்டும் மாற்றி, அதனை ஒரு காற்றுக்குமிழியால் தாங்கி நிறுத்தும் முறையும் வந்துள்ளது. அதில் ஒட்டைப் பிணிக்க நூல் தேவைப்படுவதில்லை. எல்லார்க்கும் அது பொருந்தாது. பூ விழுந்து முழுக்கனமும் வெளுத்த கண்ணுக்குத் தையலே இன்றும் வழி. எனினும், ஊசி தொடாமல் ஒட்டை நிறுத்தவேண்டும் என்று பிலாத்தோவ் கொண்ட ஆசை வேறொரு வடிவில் நிறைவேறியதை எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது.

நமக்குரிய பாடம்

தமிழராகிய நமக்கு இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. சென்னை எழும்பூரில் உள்ள அரசினர் கண் மருத்துவமனை 1819இல் தோன்றியது. இலண்டன் மருத்துவமனைக்கு அடுத்து உலகிலேயே பழமையானது என்பர். 1945இல் அங்கேதான் இந்தியாவின் முதல் கண் வங்கி ஏற்பட்டது. அங்கே டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையா 1948இல் படல மாற்றம் செய்து நம் நாட்டிற்கு வழிகாட்டினார். காளத்திக் கதையைக் கேட்டு வளர்ந்த மக்கள் அதனை முதலில் ஏற்றதில் வியப்பில்லை.

ஆயினும் கதை கேட்பது வேறு. நம் வீட்டில் நேரும்போது செய்வது வேறு. இதனை யான் எழுதும் தகுதி உடையவன் அல்லேன் என்பதையும் ஒளிக்காமல் கூறிவிடுகிறேன். என் தந்தையார் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு இக்காலனியில் என் இல்லத்திலேயே காலமானார். தம் கண்களைக் கொடுத்துவிடும்படி அவர் இருமுறை என்னிடம் கூறியிருந்தார். எனக்கு நினைவு இருந்தது. ஆனால் தமையனார் ஊரிலிருந்து இரயிலில் வந்துகொண்டிருந்தார். மூத்தவர் வராமல் இளையவன் முடிவு செய்வது முறையன்று என்று எண்ணினேன். தாயார் முகத்தைப் பார்த்துக் கேட்க நா எழவில்லை. வண்டிகளின் வருகை நேரங்களை மனப்பாடமாக அறிந்தவன், அந்த ஒரு கெடுவை மறந்தேன். தமையனார் மறுநாள் நண்பகல் வந்திறங்கி, செய்தி கேட்டு, என்னை ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் கண்ணை ஏன் கொடுக்கவில்லை என்று மட்டும் கேட்டார். அவரிடமும் தந்தையார் கூறியிருந்தாராம். தாயாரும் அதனை அறிந்தே இருந்தார். மூவரும் அறிந்திருந்தோம், ஒருவர்க்கொருவர் கூசி மௌனமாயிருந்தோம். இரு மனிதர்க்குச் சென்றிருக்கவேண்டிய ஒளி எங்கள் மௌனத்தினால் வீணாயிற்று.

ஆதலின் அன்பர்களே, சில செய்திகளை நினைவில் வையுங்கள். உயிர் பிரிந்து 6 மணி நேரத்திற்குள் கண்களை எடுத்தல் வேண்டும். கண் வங்கியார் இல்லத்திற்கே வருவர். எடுக்க அரைமணி நேரம்கூட ஆகாது, முகம் விகாரப்படாது, ஈமக்கடன்களுக்குத் தடையில்லை. முதியவர், மூக்குக்கண்ணாடி அணிந்தவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர், நீரிழிவு உள்ளவர் ஆகியோரும் கொடுக்கலாம். கொள்ளத்தக்கதா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வர். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சிறிது உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். எல்லாவற்றிலும் முதன்மையானது, நாம் உயிரோடிருக்கும்போதே வீட்டார் அனைவரும் கூடியிருக்கும் நேரத்தில் நம் விருப்பத்தை வாய்விட்டுக் கூறிவிடுவது. கடிதத்தில் கையொப்பம் இட்டிருந்தாலும், அந்நேரத்தில் இசைவு தரவேண்டியவர் வீட்டாரே.

நம் காலனியைச் சேர்ந்த பிட்டர் ஒருவர், இரும்புத்துகள் பாய்ந்து ஒரு கண்ணில் பூ விழுந்து வருந்தியவர், முகமறியாத ஒருவர் கொடுத்த படலத்தால் இன்று பார்க்கிறார். தையல் பிரிக்கும் நாளில் துணைக்குச் சென்றிருந்தேன். மருத்துவர் ஒவ்வொரு நூலாக எடுத்து ஒரு வெள்ளைத் துணியில் வைத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தபின்னரே கண்ணிமை மயிரினும் நுண்ணிய கருங்கோடுகள் புலப்பட்டன. அவ்வளவு மெல்லிய இழைகள்தாம், இறந்த ஒருவரையும் வாழும் ஒருவரையும் அதுகாறும் பிணைத்து வைத்திருந்தன.

பிடுங்கி வைத்த கண் எப்படி நின்றது என்ற என் மகளின் கேள்விக்கு இப்பொழுது சற்று விரிவாக விடை கூற இயலும். ஒருவர் மனமுவந்து கொடுக்கவேண்டும். வீட்டார் காலத்தில் இசையவேண்டும். கைவல்லார் பொறுமையோடு தைக்கவேண்டும். இம்மூன்றும் கூடினால் அது நிற்கும். திண்ணனார் உயிரோடிருந்து கொடுத்தார். நம்மிடம் கேட்கப்படுவது அதனினும் எளியது. என் இல்லத்தார் ஐவரும் இவ்வாண்டுப் பொங்கலன்று ஒன்றாக அமர்ந்து எங்கள் விருப்பத்தை ஒருவர்க்கொருவர் கூறிக்கொண்டோம். தாயாரே முதலில் கூறினார். பிலாத்தோவ் பெருமகனாருக்கு யான் செலுத்தும் அஞ்சலி அதுவே. நம் சங்கத்துக் குடும்பங்கள் யாவும் அதனைச் செய்யுமாயின், இம்மலரில் இக்கட்டுரை இடம்பெற்றதன் பயன் முழுமையாகும்.